இரு பைதன்களும் ஒரு பழைய கொப்பியும்

கல்லூரி அன்னை விழாக் காணும் இவ்வேளையில் பழைய மாணவர் பலரும் தத்தம் காலத்து விடுதி வாழ்வையும், விளையாட்டுப் போட்டிகளையும், ஆசிரியர் கைப்பிரம்பையும் நினைவுகூர்ந்து எழுதுதல் இயல்பு. யாம் மைதானத்திலே புகழ் ஈட்டியவரல்லேம், விடுதியிலே தங்கியவருமல்லேம். மலர்க் குழுவினர் எம்மைக் கட்டுரைகளைத் தொகுத்து அச்சுக்கு ஒழுங்கு செய்யுமாறு பணித்தனர். அப்பணியின் ஊடே நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாது விடுவோமாயின் எம் நெஞ்சு எம்மை விடாது. ஆதலின் இக்கட்டுரை.

எமக்குக் கணிதம் கற்பித்த ஆசான், எண்பது அகவை கடந்தவர், இன்றும் கல்லடி உப்போடையிலே வாழ்கின்றார். அவருடைய பெயரை இங்கு எழுதுவதை அவர் விரும்பார். கரும்பலகையிலே எழுதிய ஒரு விடையை அழிக்குமுன் இரு வேறு வழிகளாற் சரிபார்ப்பது அவர் வழக்கம். அவரிடம் பயின்றோர் எவரும் அதனை மறந்திரார்.

எழுபதுகளின் தொடக்கத்திலே அவர் யாழ் நூலைப் படித்தார். காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றுப் பின்னர்த் துறவு பூண்ட சுவாமி விபுலாநந்தர், பழந்தமிழ் யாழ்களின் நரம்புகள் எழுப்பும் ஒலியளவைக் கணித முறையால் ஆராய்ந்து எழுதிய நூல் அது. 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். சிவானந்த வித்தியாலய வளவிலே அவர் சமாதி இருக்கும் இடத்துக்கும் எம் ஆசான் இல்லத்துக்கும் நடை தூரமே. அந்நூலைப் படித்த ஆர்வத்தால் ஆசான் தாமும் ஒரு கொப்பியை எடுத்து, குரலுக்கு ஐந்தாம் நரம்பாகிய இளியை 3/2 என்னும் விகிதத்தாற் கொண்டு, இளிக்கு இளி, அதற்கும் இளி எனப் படிப்படியாக ஏறி, வரும் விகிதங்களையெல்லாம் பின்னமாகவே எழுதி வந்தார். தசமத்தை அவர் தொடவில்லை. “தசமம் சந்தைக்கு, பின்னம் கணக்குக்கு” என்று வகுப்பிலே சொல்வார்.

பன்னிரண்டாம் படியிலே தொடங்கிய இடத்துக்கு மீண்டுவிடலாம் என்று எண்ணுவோர் ஏமாறுவர். ஏழு மண்டிலம் கழித்தால் எஞ்சுவது ஒன்று அன்று, 531441/524288. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேலான வேறுபாடு. பழகிய செவி அதனை உணரும். ஐம்பத்து மூன்றாம் படியிலே அவ்வேறுபாடு ஆயிரத்துக்கு இரண்டளவாகச் சுருங்குகின்றது. கி.மு. முதல் நூற்றாண்டிலேயே சீனத்துச் சிங் பாங் என்பார் இதனைக் கண்டனர் என்பர். எம் ஆசானும் எவரையும் கேளாது கையாலேயே அப்படிவரை பெருக்கிச் சென்றார். மேலே ஒரு நெடிய எண், கீழே ஒரு நெடிய எண். ஒவ்வொன்றும் இருபத்தாறு இலக்கம்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளியை இம்மாவட்டத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆசான் வீட்டுக் கூரை போயிற்று. கொப்பி நனைந்தது, பிழைத்தது, ஆயினும் கடைசிப் பக்கத்து மேலெண்ணின் நடுவே மூன்று இலக்கங்கள் மை கரைந்து ஒரு நீலக் கறையாயின. அவற்றை மீட்டெழுத அவர் முயலவில்லை. ஏனென்று கேட்டபோது, “பெருக்கினால் வரும், ஆனால் அப்போது இருந்த பொறுமை இப்போது இல்லை, தம்பி” என்றார்.

இக்கொப்பியின் அட்டவணையை விழா மலரிலே வெளியிட வேண்டுமென்று யாம் விரும்பினோம். அச்சேறுமுன் ஒவ்வொரு வரியையும் கணினியாற் சரிபார்ப்போம் என்று ஆசானிடம் வாக்கும் கொடுத்தோம். எமது கணினியிலே உபுண்டு என்னும் பணிசெயல் முறைமை இருந்தது. அதிலே பைதன் மொழி பிறவியிலேயே உண்டு. கைடோ வான் ரொசம் என்னும் ஒல்லாந்தர் 1991இல் வெளியிட்ட மொழி அது. பெயர் மலைப்பாம்பைக் குறித்ததன்று, ஓர் ஆங்கில நகைச்சுவைக் குழுவினரைக் குறித்தது. உயர்தர வகுப்பிலே தகவல் தொழினுட்பம் பயிலும் பிள்ளைகள் இன்று அதனையே கற்கின்றனர். யாம் முதுமையிலே அப்பிள்ளைகளின் பாடநூலைப் பார்த்துக் கற்றோம்.

அட்டவணையை ஏற்றி, வரிவரியாக ஒப்புநோக்கும் செய்நிரல் ஒன்றை எழுதி ஓட்டினோம். ஒரு வரியிலே ‘ஃபோல்ஸ்’ என்று வந்தது. பொய் என்பது பொருள். ஒரு முழுச்சுரம் 9/8. ஓர் அரைச்சுரம் 256/243. இரு முழுச்சுரமும் ஓர் அரைச்சுரமும் பெருக்க, நான்காம் நரம்பாகிய உழை 4/3 வரும் என்பது அவ்வரி.

இங்கேதான் எம் தவறு. தாளை எடுத்து மூன்று வரி பெருக்கியிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது எளிது. யாமோ தொலைபேசியை எடுத்தோம்.

“ஐயா, கொப்பியிலே ஒரு கணக்கு ஒவ்வவில்லைப் போலும்.”

“எது, தம்பி?”

“இரு முழுச்சுரமும் ஓர் அரைச்சுரமும் உழையாகும் என்ற வரி. இயந்திரம் பொய் என்கின்றது.”

சிறிது நேரம் ஒலியில்லை. பின்னர், “அப்படியா. பார்க்கிறேன்” என்றார், வைத்துவிட்டார்.

மறுநாட் காலை அவர் மகளார் அழைத்தார். கண்ணிலே வெண்படலச் சிகிச்சை முடிந்து திங்கள் ஒன்றும் நிறையாத தந்தையார் இரவு வெகுநேரம் விளக்கின் கீழிருந்து கொப்பியின் முதற் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பெருக்கினார் என்றும், கேட்டால் ‘எங்கோ ஒரு பிழை இருக்கிறதாம்’ என்று மட்டும் சொன்னார் என்றும் கூறினார். அவர் எம்மை நோகவில்லை. அது எமக்கு இன்னும் பெரு நோவாயிற்று.

உண்மை யாதெனின், எம் கணினி 4/3 என்பதை 4/3 ஆக வைத்திருக்கவேயில்லை. பைதனிலே இரு முழுவெண்களை வகுத்தவுடன் அது தசமமாக, நுணுகிச் சொன்னால் இருமத் தசமமாக, மாறிவிடுகின்றது. 1985இல் வகுக்கப்பட்ட ஒரு பொது நியமப்படி அவ்வெண்ணுக்கு ஐம்பத்து மூன்று இரும இலக்கங்களே இடம். (ஆசானின் ஐம்பத்து மூன்றுக்கும் இதற்கும் உறவில்லை, ஆயினும் யாம் வியந்தோம்.) 9/8 இன் பகுதி இரண்டின் அடுக்கு, அது அவ்விடத்துள் அடங்கும். 256/243 அடங்காது, அதன் வால் முடிவின்றி நீள்வது, இயந்திரம் அதனை வெட்டி அருகிலுள்ள எண்ணுக்கு ஏற்றி வைக்கின்றது. 4/3 உம் அடங்காது. அதனை இறக்கி வைக்கின்றது. ஒன்று ஏற, ஒன்று இறங்க, பெருக்கி வந்த விடை 1.3333333333333335, ஒப்பிட நின்றது 1.3333333333333333. பதினாறாம் தசம தானத்து வேறுபாட்டுக்காக ஒரு முதியவரை இரவு முழுதும் விழிக்கச் செய்தோம்.

எம் தமக்கை மகன் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலே கணிதம் பயில்கின்றான். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது அது. அவனிடம் எம் துயரைச் சொன்னோம். “மாமா, பின்னத்தைப் பின்னமாக வைத்திருக்கச் சேஜ் இருக்கிறதே” என்றான். அன்று மாலையே வந்து அதனை எம் கணினியிலே நிறுவியும் போனான். மணிக்கணக்காக இறங்கிற்று. அத்துணைப் பெரும் பொதி.

சேஜ் என்பது யாது? அமெரிக்கக் கணிதர் வில்லியம் ஸ்ரைன் 2005ஆம் ஆண்டு தொடங்கிய மென்பொருள். மேப்பிள், மதமற்றிக்கா, மக்மா, மற்லாப் என்பன விலை கொடுத்துப் பெறுவன. அவற்றின் உட்கூறும் வாங்கியோர்க்கு முழுமையாகத் திறந்து காட்டப்படுவதில்லை. அவற்றுக்கு ஈடாக எவரும் கட்டணமின்றிப் பெற்று, உள்ளே திறந்து பார்த்து, திருத்தவும் தக்கதாக ஒன்று வேண்டும் என்பது அவர் நோக்கம். அதற்காக எல்லாவற்றையும் புதிதாக எழுதவில்லை. குலங்களை ஆராய ஜேர்மனியிலே பிறந்த காப், எண்கோட்பாட்டுக்குப் பிரான்சின் போர்தோவிலே பிறந்த பாரி, பல்லுறுப்பிகளுக்குச் சிங்குலர், நுண்கணிதத்துக்கு மக்சிமா, இன்னும் பல. ஏலவே அறிஞர் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்து வைத்தவற்றையெல்லாம் ஒன்று திரட்டி, அவையெல்லாம் பேசுதற்குப் பொதுமொழியாகப் பைதனை நிறுத்தினார். ஒவ்வொரு மென்பொருளும் அடிக்கடி மாறுவது. ஒன்று மாறினால் மற்றது இடறும். ஆதலின் ஒன்றோடொன்று இணங்குவதாகச் சோதித்த பதிப்புகளை மட்டும் தெரிந்து ஒரே மூட்டையாகக் கட்டித் தருவது அவர் முறை. சமையலுக்கு வரும் கண்டாக்கையர் தம் கிடாரம், அகப்பை, அம்மி வரை தாமே கொணர்ந்து, வீட்டாரின் அடுப்படியை நம்பாதிருப்பது போன்றதே இதுவும்.

எமக்குக் கிடைத்த மூட்டையிலே தனக்கென ஒரு பைதனும் இருந்தது. ஆக, எம் கணினியிலே இரு பைதன்கள்: முறைமையின் பைதன் ஒன்று, மூட்டையின் பைதன் ஒன்று. இதனை மருமகன் சொல்லிச் சென்றானோ, யாம் கேட்கவில்லையோ, அறியோம்.

எம் செய்நிரலின் தலையிலே சேஜை அழைக்கும் வரியைச் சேர்த்து ஓட்டினோம். ‘சேஜ் என்றொரு கூறு இல்லை’ என்றது. உள்ளது, பார்த்தோம், கோப்புறையும் இருந்தது. மறுபடியும் இல்லை என்றது. முறைமையின் பைதன் தன் வீட்டு அலுமாரிகளை மட்டுமே தேடும். பக்கத்து வீட்டுச் சாமானை அது அறியாது. இதனை உணராத யாம், ‘பைதன் என்று கூப்பிட்டால் மூட்டையின் பைதனே வரட்டும்’ எனக் கருதி, முறைமையின் பெயர்ச்சுட்டை எடுத்து மூட்டையின் பக்கம் திருப்பி வைத்தோம். அதற்கு நிருவாகியின் கடவுச்சொல் கேட்டது. கேட்டபோதாவது சிந்தித்திருக்கலாம்.

அடுத்த நாள் கட்டளை எழுதும் முனையச் சாளரம் திறக்கவில்லை. அழுத்தினோம், சுட்டி ஒருகணம் சுழன்றது, ஒன்றும் வரவில்லை. மென்பொருள்களைப் புதுப்பிக்கும் கருவியும் வழுச்செய்தி காட்டி நின்றது. உபுண்டுவிலே அம்முனையத்தை எழுப்புவதே ஒரு சிறு பைதன் செய்நிரல் என்பதும், அதற்கு வேண்டிய துணைக்கூறுகள் முறைமையின் பைதனிடத்தே மட்டும் உள்ளன என்பதும் பின்னரே தெரிந்தன. கணினி தனக்கென்று வைத்திருந்த பணியாளை யாம் வீட்டை விட்டு அனுப்பிவிட்டு, அவ்விடத்திலே ஒரு கணித மேதையை அமர்த்தியிருந்தோம். மேதைக்குக் கதவு திறக்கத் தெரியவில்லை.

அக்கணினியிலேதான் இம்மலருக்கு வந்த கட்டுரைகள் யாவும் இருந்தன. வேறு பிரதி எடுத்து வைத்திலேம். கார்த்திகை மழை, வாவி கரைதட்டி நின்றது, மின்சாரமும் போய்ப் போய் வந்தது. மருமகன் நனைந்த வண்ணம் வந்து சேர்ந்தபோது யாம் உண்ணாதிருந்தோம்.

அவன் சிரிக்கவில்லை; அது அவன் பெருந்தன்மை. சில விசைகளை ஒருங்கே அழுத்திச் சாளரமில்லாக் கருந்திரை ஒன்றை வருவித்து, பெயர்ச்சுட்டைப் பழையபடி திருப்பினான். ஒரே வரி. எல்லாம் மீண்டன. “மாமா, முறைமையின் பைதன் எங்களுடையது அல்ல, முறைமையுடையது. அதைத் தொட வேண்டாம்” என்றான். இக்காலத்து டெபியன், உபுண்டு வெளியீடுகள் 2023 முதல் இதனைத் தாமே எச்சரிக்கின்றன. முறைமையின் பைதனுக்குள் பொதிகளை ‘பிப்’ கொண்டு நேரே இறக்க முயன்றால், ‘இது வெளியாரின் பொறுப்பிலுள்ளது’ என்று மறுக்கின்றன. பெயர்ச்சுட்டைத் திருப்பும் மூடரை அவையும் தடுப்பதில்லை.

பின்னர் அவன் வழி காட்டினான். சேஜை முறைமைக்குள் இழுக்க வேண்டுவதில்லை. செய்நிரலைச் சேஜிடம் கொடுத்தாற் போதும். சேஜ் என்று எழுதி அதனோடு பைதன் என்னும் விருப்பையும் சேர்த்து ஏவினால் மூட்டையின் பைதனே அச்செய்நிரலை ஓட்டும். வேறு பொதிகள் வேண்டுமாயினும் சேஜ் வழியாகவே அதனுள் இறக்கலாம். மூட்டையை அவிழ்த்து முறைமையோடு இயைத்தவர்களும் உளர். டெபியன் வெளியீட்டின் தொண்டர்கள் பெருமுயற்சி செய்து 2017இலே சேஜின் உறுப்புகளைத் தனித்தனிப் பொதிகளாக்கி, முறைமையின் பைதனே சேஜை அழைக்கத் தக்கதாகச் செய்தனர். ஆயினும் பதிப்புகளை ஒன்றோடொன்று இணக்கி வைத்தல் ஓயாத வேலை. சேஜே 2020 தொடக்கத்தில் வந்த 9.0 பதிப்பிலேதான் பைதன் மூன்றுக்கு மாறிற்று. எம்மைக் கேட்டால், மூட்டை மூட்டையாகவே இருக்கட்டும் என்போம். இடம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

எம் செய்நிரலை அவ்வாறே ஓட்டினோம். இம்முறை சேஜ் இல்லை என்ற முறைப்பாடு வரவில்லை. ஆனால் அவ்வரியிலே மறுபடியும் பொய்.

மருமகனும் ஒருகணம் திகைத்தான். பின்னர் நெற்றியிலே தட்டிக்கொண்டான். செய்நிரல் பைதன் கோப்பாக இருந்தது. பைதன் கோப்பிலே 9/8 என்றெழுதினால், சேஜ் அருகிலே நின்றாலும், வகுப்பது பைதனே. வகுத்துத் தசமமாக்கிய பின்னரே சேஜ் கையிற் கிடைக்கும். சேஜின் சொந்தத் திரையிலே எழுதும்போதோ, கோப்பின் பெயரைச் சேஜ் என்னும் ஈற்றோடு முடிக்கும்போதோதான், அது ஒவ்வொரு வரியையும் முன்கூட்டிப் படித்து, வெறும் எண்களைத் தன் முழுவெண்களாக மாற்றிக்கொள்கின்றது. அப்போது 9/8 என்பது 9/8 ஆகவே நிற்கும். அடுக்குக் குறியிலும் இதே பொறி உண்டு: சேஜிலே 2^12 என்றால் 4096, பைதனிலே அதே குறி வேறொரு வினையைச் செய்து 14 என்று விடை தரும். வழுச்செய்தியும் வாராது. வழுச்செய்தி காட்டும் இயந்திரத்தினும் அமைதியாகத் தவறான விடை தரும் இயந்திரத்தையே அஞ்ச வேண்டும் என்று அன்று கற்றோம்.

கோப்பின் ஈற்றை மாற்றினோம். ஓட்டினோம். எல்லா வரியும் மெய்.

‘பின்னத்துக்காக மட்டும் இவ்வளவு பெரிய மூட்டையா? பைதனிலேயே பின்னங்களுக்கெனத் தனிக்கூறு உண்டே’ என்று கேட்கும் மாணவர் இருப்பர். உண்மை. யாம் அதனை அறியோம். அறிந்திருந்தால் முதல் இரவே தீர்ந்திருக்கும். ஆயினும் கொப்பியிலே ஆர்மோனியத்தைப் பற்றிய பக்கம் ஒன்றுண்டு. அங்கே இரண்டின் பன்னிரண்டாம் மூலம் வருகின்றது; அது எப்பின்னத்துக்கும் அடங்காதது. சேஜ் அதனை மூலமாகவே வைத்திருந்து, பன்னிரண்டு முறை பெருக்கக் குறையும் மிகையுமின்றி இரண்டையே தந்தது. அவ்விடத்திலே மூட்டைக்குக் கொடுத்த இடமெல்லாம் தகும் என்று கண்டோம்.

மறுநாள் மழை விட்டது. மருமகனையும் மடிக்கணினியையும் அழைத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடந்து ஆசான் இல்லம் சென்றோம். தொலைபேசியிலே சொல்ல எமக்கு மனம் வரவில்லை. திண்ணையிலே அமர்ந்திருந்தார். முன்னே கொப்பி, அதன் மேலே பெருக்கிய தாள்கள் ஒரு கட்டு.

“ஐயா, பிழை எம்முடையது” என்றோம். நடந்ததையெல்லாம் சொன்னோம், பெயர்ச்சுட்டைத் திருப்பியதையும் விடாது.

அவர் எம்மைப் பாராது மருமகனைப் பார்த்தார். “நான்கின் கீழ் மூன்றை அது எப்படி எழுதுகிறது, காட்டு.” அவன் காட்டினான். 4/3. நெடுநேரம் அதனைப் பார்த்தார். “இப்படித்தானே எழுத வேண்டும்” என்றார்.

பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து நீலக் கறையைச் சுட்டினார். “மூன்றின் ஐம்பத்து மூன்றாம் அடுக்கு. முழுவதும் சொல்லுமா?”

இதற்குச் சேஜ் வேண்டியதில்லை. முழுவெண் எத்துணை நீளமாயினும் வெறும் பைதனே பிழையின்றித் தரும். அதனை அப்போது சொல்லவில்லை. மருமகன் விசையை அழுத்த, எண் திரையிலே வந்தது: 19383245667680019896796723.

ஆசான் பேனாவை எடுத்தார், உடனே எழுதவில்லை. தாள் ஒன்றிலே அவ்விருபத்தாறு இலக்கங்களையும் பிரதி செய்தார். முதலில் கடைசி இலக்கத்தைப் பார்த்தார், மூன்றின் அடுக்குகள் நான்குக்கு ஒருமுறை சுழல்வதால் ஐம்பத்து மூன்றாவது மூன்றிலேதான் முடிய வேண்டும், முடிந்தது. பின்னர் விரல்விட்டு இலக்கங்களைக் கூட்டினார். உதடு மட்டும் அசைந்தது. திண்ணையிலே எவரும் பேசவில்லை.

“நூற்று முப்பத்தைந்து. ஒன்பதாற் பிரிகிறது” என்றார். பின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கறையின் மேலே சிறிய எழுத்தில் 019 என்று எழுதினார்.